குரலைக் காக்கும் கருவி

பாடம் 9: உரைநடை

கற்றல் நோக்கங்கள்
• ஒலிப்பதிவு மென்பொருளைத் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிதல்
• வீட்டுக் கணினியில் அதனை அமைக்கும் படிநிலைகளை வரிசையாகக் கூறுதல்
• முதியோரின் வாய்மொழிப் பாடல்களைப் பதிந்து காக்கும் ஆர்வம் பெறுதல்

நுழையும்முன்

தில்லி, மும்பை, ஆமதாபாத், கொல்கத்தா எனப் பல நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அக்குடும்பங்களின் முதியோர் தாலாட்டு, கும்மிப் பாட்டு, நலுங்குப் பாட்டு முதலியவற்றை நினைவில் வைத்திருக்கின்றனர். அவற்றுள் பல எந்த நூலிலும் அச்சேறாதவை. பாடுபவர் மறந்துவிட்டால் பாட்டும் மறைந்துவிடும். அவ்வாறு மறையாமல் காக்க, வீட்டில் உள்ள கணினியே உதவும். அதற்குரிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

விடுதி அறையில் ஓர் ஒலிப்பதிவு

1902 நவம்பரில், கல்கத்தா நகரின் ஒரு விடுதியில் வழக்கத்திற்கு மாறான பணி ஒன்று நடைபெற்றது. கிராமபோன் நிறுவனம் இலண்டனிலிருந்து அனுப்பிய பிரெட் கைஸ்பெர்க் என்பவர், விடுதியின் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார். புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் அங்கு வந்து பாடினார். அக்காலத்தில் மின்சார ஒலிவாங்கி வழக்கில் இல்லை. சுவரோடு பொருத்திய பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே நின்று, பாடகர் உரத்த குரலில் பாட வேண்டும். கூம்பின் மறுமுனையில் இருந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அக்குரலின் அதிர்வைக் கீறும். ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும்.

பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். அதற்குக் காரணம் இருந்தது. பதிந்த தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, அங்குள்ள தொழிற்கூடத்தில் இசைத்தட்டுகளாக வார்க்கப்பட்டன. மொழி அறியாத தொழிலாளர்கள், எந்தப் பாட்டு எவருடையது என்பதை அந்த அறிவிப்பைக் கொண்டே அறிந்தனர்.

இந்நிகழ்ச்சி இன்றைய மாணவருக்கு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. ஒலிப்பதிவுக்குப் பெரிய கூடம் தேவையில்லை. அமைதியான ஓர் அறை போதும். பாடியவர் யார் என்பது பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும். இல்லையெனில் காலப்போக்கில் அக்குரலை அடையாளம் காண இயலாது.

கணினி ஒலியை எழுதும் முறை

ஒலி என்பது அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. கணினி அந்த மின் அலையை இடைவிடாது அளந்து, அளவுகளை எண்களாக எழுதி வைக்கிறது. ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே மாதிரி வீதம் எனப்படும். குறுந்தகடுகளில் பயன்படும் மாதிரி வீதம் 44,100 ஆகும்.

இந்த எண் ஏன் இவ்வளவு பெரிதாக உள்ளது? மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கவல்லது. ஓர் அதிர்வைச் சரியாக எழுத, அதனை இரண்டு முறைக்கு மேல் அளக்க வேண்டும். ஆகவே 20,000 அதிர்வுகளை எழுத, 40,000க்கும் மேற்பட்ட அளவுகள் தேவைப்படுகின்றன.

ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பதைப் ‘பிட்’ எண்ணிக்கை காட்டும். 16 பிட் எனில் 65,536 படிகள் உண்டு. 24 பிட் எனில் 1,67,77,216 படிகள் உண்டு. மெல்லிய முணுமுணுப்பும் உரத்த குரலும் ஒரே பாட்டில் வருமாயின் 24 பிட் பதிவு பாதுகாப்பானது.

எந்த மென்பொருள்?

ஒலிப்பதிவு மென்பொருள்கள் பலவாக உள்ளன. அவற்றை விளம்பரத்தைக் கொண்டோ, பெயர்பெற்ற இசையமைப்பாளர் பயன்படுத்துகிறார் என்பதைக் கொண்டோ தேர்ந்தெடுத்தல் கூடாது. முதலில் நான்கு வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும்.

1. பதிய வேண்டியது ஒரு குரலா, பல குரல்களும் கருவிகளுமா?
2. வீட்டில் உள்ள கணினி எத்தகையது? அதில் மென்பொருள் தடையின்றி இயங்குமா?
3. எவ்வளவு பணம் செலவிட இயலும்?
4. கற்றுக்கொள்ள எத்தனை நாள்கள் உள்ளன?

இவ்விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க நான்கு மென்பொருள்கள் வருமாறு:

ஆடாசிட்டி: அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. கட்டணம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். குரலைப் பதியவும், வெட்டி ஒட்டவும், இரைச்சலைக் குறைக்கவும் ஏற்றது.

கராஜ்பேண்ட்: ஆப்பிள் நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்டது. அந்நிறுவனத்தின் கருவிகளில் மட்டுமே இயங்கும். குரற்பதிவோடு, கணினிக்குள்ளேயே ஒலிக்கும் இசைக்கருவிகளையும் கொண்டது.

ரீப்பர்: பல தடங்களில் பதிந்து விரிவாகத் தொகுக்க வல்லது. 60 நாள்கள் கட்டணமின்றிச் சோதித்துப் பார்க்கலாம். பின்னர் உரிமம் பெற வேண்டும். வசதிகள் மிகுதி; கற்கும் காலமும் மிகுதி.

எல்.எம்.எம்.எஸ்.: கட்டணம் இல்லாதது. தாளக்கட்டையும் கருவியிசையையும் கணினியிலேயே கட்டமைக்க உருவாக்கப்பட்டது. பாட்டியின் குரலைப் பதிய விரும்புவோருக்கு உகந்ததன்று.

எந்த மென்பொருளாயினும் அதனை உருவாக்கியோரின் இணையதளத்திலிருந்தே பெற வேண்டும். உரிமமின்றிப் பகிரப்படும் போலிப் பிரதிகளோடு கணினியைக் கெடுக்கும் நிரல்களும் வந்து சேரக்கூடும். நிறுவுவதற்குமுன் பெற்றோரிடம் கூறி ஒப்புதல் பெறுதல் நன்று.

ஓர் எடுத்துக்காட்டு

தில்லியில் மூன்றாம் மாடியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பாட்டி, ஆறு நாள்களில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பவிருந்தார். அவர் பாடும் தாலாட்டு ஒன்று நீளமானது. மாமன்மார் பெயர்களும், அவர்கள் கொண்டுவரும் சீர்களும், ஊர்க் குளத்தின் பெயரும் அதில் வரிசையாக வரும். தாய் அதில் பாதியை அறிவார். எட்டாம் வகுப்பில் பயிலும் மகளோ இரண்டு அடிகளை மட்டுமே அறிவாள். அப்பாட்டைப் பதிந்துவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள்.

கல்லூரியில் பயிலும் அவளுடைய அண்ணன் உதவ முன்வந்தான். ஆனால் மிகச் சிறந்த மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண்ணி, ஒன்றை நிறுவுவதும் மற்றொன்றோடு ஒப்பிடுவதுமாக மூன்று நாள்களைக் கழித்துவிட்டான்.

“அண்ணா, எதில் எத்தனை இசைக்கருவிகள் உள்ளன என்றே பார்த்துக்கொண்டிருக்கிறாய். பாட்டி பாடும்போது எந்தக் கருவியும் ஒலிப்பதில்லையே?” என்று தங்கை கேட்டாள்.

அண்ணன் சிந்தித்தான். இருவரும் சேர்ந்து நான்கு வினாக்களுக்கும் விடை எழுதினர். பதிய வேண்டியது ஒரு குரல். கையில் இருப்பது பழைய விண்டோஸ் மடிக்கணினி. செலவிடப் பணம் இல்லை. எஞ்சியிருப்பவை மூன்று நாள்கள். விடை தெளிவாயிற்று. அன்று மாலையே ஆடாசிட்டியை நிறுவினர்.

மென்பொருளை அமைத்தல்

நிறுவியதும் பதியத் தொடங்கிவிடல் ஆகாது. முதலில் ஐந்து அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, ஒலி எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைத் தேர்ந்தெடுத்தல். யூ.எஸ்.பி. மைக் ஒன்றை இணைத்த பின்னும், கணினி தன் திரையருகே உள்ள சிறு மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். மைக்கின்மீது விரலால் மெல்லத் தட்டினால், எது கேட்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒற்றைத் தடம். ஒரு மைக், ஒரு குரல் என்னும் நிலையில் ‘மோனோ’ எனப்படும் ஒற்றைத் தடமே போதும். இரட்டைத் தடமான ‘ஸ்டீரியோ’ இருமடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மாதிரி வீதமும் பிட் எண்ணிக்கையும். 44,100 அல்லது 48,000 என்னும் வீதத்தில் ஒன்றைத் தேர்ந்து, இறுதிவரை மாற்றாதிருத்தல் வேண்டும்.

நான்காவது, ஒலி அளவு. கணினியில் 0 டெசிபெல் என்பது உச்சவரம்பு. குரல் அதனைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கரகரப்பாக ஒலிக்கும். அவ்வாறு இழந்ததை முழுமையாக மீட்க இயலாது. ஆகவே, உரத்த அடியைப் பாடச் செய்து, அளவு −12 டெசிபெல் அருகே நிற்குமாறு அமைக்க வேண்டும். குறைவாகப் பதிந்ததைப் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, தேவையற்ற உதவிகளை நீக்குதல். சில கணினிகளில், தொலைபேசி உரையாடலுக்காக அமைந்த இரைச்சல் அடக்கும் வசதி தானே இயங்கும். அது, பாட்டின் இடையே வரும் நீண்ட முனகலையும் இரைச்சல் என எண்ணி அடக்கிவிடக்கூடும். அவ்வசதியைக் கணினியின் ஒலி அமைப்பில் நிறுத்திவைக்க வேண்டும். மெட்ரோனோம் எனப்படும் தட்டொலிக்கும் இங்கு வேலையில்லை. பல மென்பொருள்கள், நிமிடத்திற்கு 120 தட்டுகள் என்னும் கணக்கோடு திறக்கும். தாலாட்டு, தொட்டிலின் அசைவுக்கும் பாடுபவரின் மூச்சுக்கும் இசைந்து செல்வது. அதனைத் தட்டொலியின் கணக்கிற்குள் அடைத்தால் பாட்டு தன் இயல்பை இழக்கும். சுரத்தைத் தானே திருத்தும் வசதியும் அத்தகையதே. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் வழுக்கிச் செல்வது பிழையன்று. அதுவே அப்பாட்டின் அழகு.

அறையை ஆயத்தம் செய்தல்

வெறும் சுவர்களில் ஒலி மோதித் திரும்பும். அதனால் குரல் கிணற்றுக்குள் ஒலிப்பதுபோல் தோன்றும். துணியும் பஞ்சும் அவ்வொலியை ஈர்த்துக்கொள்ளும். தில்லி வீட்டுப் பிள்ளைகள், குளிர்காலத்திற்கென மடித்து வைத்திருந்த ரஜாய்களை எடுத்து நாற்காலிகளின்மீது விரித்து, பாட்டியின் எதிரே நிறுத்தினர். துணி அலமாரியின் கதவையும் திறந்துவைத்தனர். மைக்கினைப் பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தனர். நேரெதிரே வைத்தால் ‘ப’ என்னும் எழுத்தை ஒலிக்கும்போது எழும் மூச்சுக் காற்று மைக்கில் மோதி வெடியொலியாகப் பதியும்.

எஞ்சிய இடையூறு நேரம் பற்றியது. பகலில் கூலரை நிறுத்த இயலாது. தெருவில் காய்கறி வண்டிக்காரரின் குரல் ஓயாது. ஆகவே விடியற்காலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுத்தனர்.

பதிவு நாள்

மின்விசிறியும் கூலரும் நிறுத்தப்பட்டன. முதலில் பத்து வினாடிகள் எவரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதிந்தனர். எஞ்சிய சிறு இரைச்சல் எத்தகையது என்பதை மென்பொருள் அறிந்துகொள்ள அது உதவும்.

பாட்டி தொடங்கினார், நான்காம் அடியில் நின்றுவிட்டார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் அதே இடத்தில் சொல் வரவில்லை.

“கையும் காலும் சும்மா இருந்தால் பாட்டு எப்படி வரும், கண்ணு? பிள்ளையை ஆட்டிக்கொண்டே பாடிய பாட்டு அல்லவா இது?” என்றார்.

பேத்தி ஒரு தலையணையை அவருடைய கால்களின்மீது வைத்தாள். பாட்டி கால்களை மெல்ல அசைத்தார். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான்காம் அடியைக் கடந்து, தாய் அறிந்திருந்த பாதியையும் கடந்து, பாட்டு சென்றது. கதவருகே நின்றிருந்த தாய் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தலையணை உரசும் ஒலியும் பதிவில் கலந்தது. பின்னர் அண்ணன் அதனை நீக்க முற்பட்டபோது, “அது இருக்கட்டும். அந்த ஒலி இல்லாமல் பாட்டிக்குப் பாட்டே வரவில்லையே” என்றாள் தங்கை.

பாடி முடித்ததும் பாட்டி தம் பெயரையும், பிறந்த ஊரையும், அப்பாட்டைத் தமக்குக் கற்பித்தவர் தம் தாய் என்பதையும், அன்றைய நாளையும் கூறினார். பின்னர், “இதை யாரெல்லாம் கேட்பார்கள்?” என்று வினவினார்.

“நம் வீட்டார் மட்டும்தான், பாட்டி. வேறு எவருக்கேனும் அனுப்புவதாக இருந்தால் உங்களைக் கேட்ட பிறகே அனுப்புவேன்” என்று பேத்தி உறுதி கூறினாள். பிறர் குரலைப் பதிபவர் அவருடைய இசைவைப் பெறுதலும், அளித்த சொல்லைக் காத்தலும் கடமையாகும்.

பதிந்ததைக் காத்தல்

பதிவு முடிந்ததும், எவ்வகை மாற்றமும் செய்யாத மூலப்பதிவை ‘வேவ்’ வடிவில் சேமிக்க வேண்டும். ‘எம்.பி.3’ வடிவம், காது எளிதில் உணராத பகுதிகளை நீக்கிக் கோப்பைச் சுருக்குகிறது. உறவினருக்கு அனுப்ப அது ஏற்றது. பாதுகாத்து வைக்க ஏற்றதன்று. திருத்தங்கள் யாவற்றையும் மூலத்தின் படியிலேயே செய்ய வேண்டும். அண்ணன் தான் விரும்பிய கீபோர்டு இசையை, ஒரு படியில் இரண்டாம் தடமாகச் சேர்த்தான். பாட்டியின் தனிக்குரல் மூலத்தில் அப்படியே இருந்தது.

கோப்பிற்கு ‘புதியது 1’ என்று பெயரிட்டால் ஓராண்டில் அதனைக் கண்டறிவது அரிது. பாடியவர், பாட்டின் வகை, ஊர், நாள் ஆகியவை பெயரில் இடம்பெற வேண்டும். மூலப்பதிவை ஒரே கணினியில் மட்டும் வைத்தல் கூடாது. பென்டிரைவ் ஒன்றிலும், மற்றொரு வீட்டில் உள்ள உறவினரிடத்தும் ஒவ்வொரு படி இருத்தல் நன்று. பாட்டின் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிவைத்தல் இறுதிப் பணி. பொருள் விளங்காத வட்டாரச் சொற்களைப் பாடியவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு விடை கூறவல்லவர் அவர் ஒருவரே.

மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று புதியதாக உள்ளது நாளை பழையதாகும். அதனினும் சிறந்தது பின்னர்க் கிடைக்கும். பாடுபவரின் குரலோ அவர் பாடும் நாளில் மட்டுமே கிடைக்கும். ஆகவே, தேவைக்குப் போதுமான எளிய கருவியை விரைந்து தேர்ந்து, பாட்டைப் பதிந்துவிடுதலே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

முன்பு பதிந்த குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாடும்போது, தம் குரல் சற்றுத் தாமதித்துக் காதில் விழுவதைப் பலர் உணர்வர். கணினி அளவுகளைத் தொகுதி தொகுதியாகக் கையாள்வதே இதற்குக் காரணம். 1,024 அளவுகள் கொண்ட தொகுதி நிரம்ப, 44,100 வீதத்தில் ஏறத்தாழ 23 மில்லி வினாடிகள் ஆகும். 128 அளவுகள் எனில் ஏறத்தாழ 3 மில்லி வினாடிகளே. பதியும்போது சிறிய தொகுதியும், திருத்தும்போது பெரிய தொகுதியும் உகந்தவை. ஹெட்போன் அணிந்து பாடினால், முதல் தடத்தின் ஒலி மைக்கில் மீண்டும் பதியாது.

சொல்லும் பொருளும்

அதிர்வு – நடுக்கம், துடிப்பு
இசைவு – ஒப்புதல்
சீர் – தாய்வீட்டார் அளிக்கும் பரிசு
தடம் – ஒலி பதியும் தனி வரிசை
தால் – நாக்கு
மூலப்பதிவு – மாற்றம் செய்யாத முதற்பதிவு

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கௌஹர் ஜானின் குரல் கல்கத்தாவில் பதிவான ஆண்டு
(1) 1877 (2) 1902 (3) 1999 (4) 2004

2. பாதுகாத்து வைக்க ஏற்ற கோப்பு வடிவம்
(1) எம்.பி.3 (2) வேவ் (3) இரண்டும் (4) இரண்டும் அல்ல

3. ‘தாலாட்டு’ என்னும் சொல்லைப் பிரித்தால் கிடைப்பது
(1) தாலா + ஆட்டு (2) தாய் + ஆட்டு (3) தால் + ஆட்டு (4) தா + லாட்டு

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது ________ எனப்படும்.
2. குரல் ________ டெசிபெல் என்னும் உச்சவரம்பைத் தாண்டுதல் கூடாது.
3. ஒரு மைக், ஒரு குரல் எனில் ________ தடமே போதும்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைக் கூறியது ஏன்?
2. எல்.எம்.எம்.எஸ். மென்பொருளை அப்பிள்ளைகள் தேர்ந்தெடுக்காதது ஏன்?
3. தலையணையைக் கால்களின்மீது வைத்த பிறகே பாட்டிக்குப் பாட்டு வந்தது ஏன்?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் விடை காண வேண்டிய வினாக்களை விளக்குக.
2. தாலாட்டைப் பதியும்போது தட்டொலியையும் சுரத்தைத் திருத்தும் வசதியையும் நீக்க வேண்டும் என்பது ஏன்?

உ. கணக்கிட்டு எழுதுக.

16 பிட் என்பது 2 பைட். 44,100 வீதத்தில் ஒற்றைத் தடத்தில் பதிந்தால், ஒரு நிமிடத்திற்கு 44,100 × 2 × 60 = 52,92,000 பைட் தேவை. 24 பிட் (3 பைட்), 48,000 வீதம் எனில் ஐந்து நிமிடப் பாட்டிற்கு எத்தனை பைட் தேவை?

ஊ. சிந்தித்து எழுதுக.

தலையணை உரசும் ஒலியை நீக்க வேண்டும் என்றான் அண்ணன். வேண்டாம் என்றாள் தங்கை. உங்கள் கருத்து யாது? காரணத்துடன் எழுதுக.

எ. செயல்பாடு

உங்கள் வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவர் ஒருவரின் இசைவு பெற்று, அவர் அறிந்த பாட்டு ஒன்றைப் பதிக. பாடியவர், ஊர், நாள், கற்பித்தவர் ஆகிய விவரங்களோடு பாட்டின் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுக. பொருள் விளங்காத மூன்று சொற்களுக்கு அவரிடமே பொருள் கேட்டு எழுதி, வகுப்பில் பகிர்க.